நகப்பூச்சுப் புட்டியில் ‘இல்லை’ என்னும் வாக்குறுதி

‘3-ஃப்ரீ’, ‘5-ஃப்ரீ’, ‘10-ஃப்ரீ’. நகப்பூச்சுப் புட்டிகளின் மீது இப்படிப்பட்ட எண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரரிடம் விளக்கம் கேட்டால், “இதில் கெமிக்கல் இல்லை, நகத்துக்குக் கெடுதல் செய்யாது” என்பார். எண் கூடக்கூடப் பெரும்பாலும் விலையும் கூடுகிறது. மூன்றைவிட ஐந்து மேலானது, ஐந்தைவிடப் பத்து மேலானது என்று வாங்குவோர் மனத்திலும் ஒரு கணக்கு உருவாகிவிடுகிறது. இந்தக் கணக்கு சரிதானா? இந்த எண்ணை மட்டும் நம்பி ஒரு புட்டியைத் தேர்ந்தெடுக்கலாமா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீடுகளில் பலருக்கு நகப்பூச்சு என்றால் ‘கியூடெக்ஸ்’தான். அது ஓர் அமெரிக்க வணிகப் பெயர். பெயர் வீட்டுச் சொல்லாகிவிட்ட போதிலும், புட்டிக்குள் இருப்பது என்ன என்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ‘கெமிக்கல் இல்லாத’ நகப்பூச்சு என்று ஒன்று கிடையாது. தண்ணீரும் உப்பும் கூட வேதிப்பொருள்களே. எந்த வேதிப்பொருள், எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் செல்கிறது என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

நகம் எப்படிப்பட்டது?

பூச்சைப் பற்றிப் பேசுமுன் பூசப்படும் இடத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நாம் கண்ணால் காணும் நகத்தகடு உயிரற்றது. கெராட்டின் என்னும் புரதம் நிறைந்த, இறந்துபோன செல்கள் அடுக்கடுக்காக அழுந்தி ஒட்டியதே நகம். தலைமுடி, மாட்டின் கொம்பு, குதிரையின் குளம்பு எல்லாம் இதே இனத்தைச் சேர்ந்தவை. உயிருள்ள பகுதி, நகத்தின் அடியில் தோலுக்குள் மறைந்திருக்கும் நகமூலமாகும். கட்டைவிரல் நகத்தின் அடியில் வெண்பிறை போலத் தெரிகிறதே, அது நகமூலத்தின் வெளியே தெரியும் ஓரம். அங்கே புதிய செல்கள் உண்டாகிப் பழையவற்றை முன்னே தள்ளுகின்றன.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஆறு மாதங்கள் ஆகும். கால்விரல் நகத்துக்கு ஓராண்டுக்கு மேலும் பிடிக்கும். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. சுரண்டியோ அராவியோ நகத்தகட்டைக் கெடுத்துவிட்டால், அதைச் சரிசெய்ய உடலால் இயலாது. கெட்ட பகுதி வளர்ந்து வெட்டப்படும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நகத்தைப் பற்றிய மூன்று தவறான நம்பிக்கைகளையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘நகம் மூச்சு விட வேண்டும்’ என்பது முதலாவது. உயிரற்ற தகடு மூச்சு விடாது. நகமூலத்துக்குத் தேவையான ஆக்சிஜனை இரத்தமே கொண்டுவருகிறது. ‘காற்றுப் புகும் பூச்சு’ என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவது, இல்லாத ஒரு தேவைக்கு மருந்து சொல்வதாகும். ‘நகம் உறுதியாக இருக்கக் கால்சியம் வேண்டும்’ என்பது இரண்டாவது. நகத்தில் கால்சியம் மிகச் சொற்பமே உண்டு. கெராட்டின் இழைகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைத்திருப்பதே அதன் உறுதிக்குக் காரணம். நகத்தில் தோன்றும் வெண்புள்ளிகள் கால்சியம் குறைவின் அடையாளம் என்பது மூன்றாவது. அவை பெரும்பாலும் நகமூலத்தில் பட்ட சிறு அடிகளின் தடயங்களே.

உண்மையில் நகத்தின் பெரும் பகை தண்ணீர்தான். நகம் தோலைவிடப் பன்மடங்கு எளிதாகத் தண்ணீரை உறிஞ்சும், அதே எளிமையுடன் இழக்கவும் செய்யும். பாத்திரம் துலக்கித் துணி துவைத்து நாளுக்குப் பல முறை நனைந்து உலரும் நகம், ஊறி விரிந்தும் காய்ந்து சுருங்கியும் முடிவில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறது. சோப்புத்தூள் நகத்திலுள்ள எண்ணெய்ப்பசையையும் கொண்டுபோய்விடுகிறது. ‘பூச்சுப் போட்டதால் நகம் உடைகிறது’ என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் பாத்திரத் தொட்டியில் இருக்கிறது.

புட்டிக்குள் இருப்பவை

சாதாரண நகப்பூச்சின் அமைப்பு எளியது. பளபளப்பான படலத்தைத் தருவது நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக், கந்தக அமிலங்களின் கலவையில் நனைத்து இதைத் தயாரிக்கிறார்கள். 1846-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியலார் கண்டறிந்த வெடிபஞ்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பூச்சுக்குப் பயன்படும் வகையில் நைட்ரஜன் குறைவு. ஆகவே அது வெடிக்காது, ஆனால் எளிதில் தீப்பற்றும். 1920-களில் மோட்டார் வண்டிகளுக்கு அடிக்கப்பட்ட, விரைவில் உலரும் வண்ணங்களும் இதைக் கொண்டே செய்யப்பட்டன. 1932-ல் தொடங்கப்பட்ட ரெவ்லான் நிறுவனம், நிறமிகள் சேர்ந்த, ஒளி ஊடுருவாத நகப்பூச்சுகளைப் பெருவாரியாக விற்கத் தொடங்கியது. மோட்டார் வண்டிக்கும் விரல் நுனிக்கும் ஒரே வகை வேதியியல்தான்.

இந்த நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் ஆகிய கரைப்பான்கள். புட்டியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடி இவற்றினுடையது. பூசியதும் கரைப்பான் ஆவியாகிவிடப் படலம் மட்டும் தங்குகிறது. இங்கு வேதிவினை எதுவும் நடப்பதில்லை, உலர்தல் மட்டுமே நடக்கிறது. ஆகையால்தான் அதே போன்ற இன்னொரு கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் பூச்சு மீண்டும் கரைந்து வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் ஜெல் பூச்சைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நைட்ரோசெல்லுலோஸ் தனியாக இருந்தால் படலம் நொறுங்கும், நகத்திலும் நன்றாக ஒட்டாது. ஒட்டுவதற்குப் பிசின் ஒன்றும், வளைந்து கொடுப்பதற்கு நெகிழ்வூட்டி ஒன்றும் சேர்க்கிறார்கள். இவற்றோடு நிறமிகளும் மினுமினுப்புக்கு அபிரகத் தூளும் சேர்கின்றன. சர்ச்சை முழுவதும் பெரும்பாலும் இந்தப் பிசினையும் நெகிழ்வூட்டியையும் கரைப்பானையும் பற்றியதே.

‘மூன்று’ எப்படி வந்தது?

ஒரு காலத்தில் நகப்பூச்சுகளில் மூன்று பொருள்கள் பரவலாக இருந்தன. டொலுயீன் என்ற கரைப்பான் முதலாவது. இதன் ஆவியை அதிக அளவில் சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் வரும், நீண்ட காலம் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். ஃபார்மால்டிஹைடு இரண்டாவது. இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் சேர்த்தது. டைபியூட்டைல் தாலேட் என்ற நெகிழ்வூட்டி மூன்றாவது. விலங்குகளில் ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியை இது பாதிப்பதாகச் சோதனைகள் காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது.

தடையும் மக்கள் இயக்கங்களின் வற்புறுத்தலும் சேர்ந்து, 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் இம்மூன்றையும் கைவிடத் தொடங்கின. ‘3-ஃப்ரீ’ என்ற சொல் அப்போதுதான் பிறந்தது. இது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் அப்போது ஒரு தெளிவான பொருளும் இருந்தது.

அதன் பிறகு எண்கள் வளர்ந்த விதத்தில்தான் கோளாறு. ஐந்து என்றார் ஒருவர், ஏழு என்றார் மற்றொருவர், பத்து, பதின்மூன்று என்று போட்டி பெருகியது. எந்தெந்தப் பொருள்களை நீக்கினால் ‘5-ஃப்ரீ’ என்பதற்குச் சட்டமோ பொது இலக்கணமோ இல்லை. ஒரு நிறுவனத்தின் ஐந்தில் கற்பூரம் இருக்கும், மற்றொன்றின் ஐந்தில் அது இராது. பட்டியலை நீட்டுவதற்காக, நகப்பூச்சில் வழக்கமாகச் சேர்க்கப்படாத பொருள்களையும் ‘இல்லை’ என்று எழுதுகிறார்கள். எடுத்துக்காட்டாகப் பாரபென் என்பது கிருமி வளராமல் தடுக்கும் பொருள். கரைப்பான் நிறைந்த நகப்பூச்சில் கிருமி வளரவே இயலாது. அங்கே ‘பாரபென் இல்லை’ என்று பெருமைப்படுவது, உப்புப் பொட்டலத்தின் மேல் ‘கொழுப்பு இல்லை’ என்று அச்சிடுவதற்கு ஒப்பாகும்.

சோதனைச் சாலை சொன்னது

லேபிளின் சொல்லைச் சோதனைச் சாலை எப்படி மதிப்பிட்டது? மூன்று ஆய்வுகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுத் துறை, அழகு நிலையங்களுக்கு விற்கப்படும் 25 நகப் பொருள்களை வாங்கிச் சோதித்து 2012-ல் அறிக்கை வெளியிட்டது. டொலுயீன் இல்லை என்று கூறிய 12 பொருள்களில் 10-ல் டொலுயீன் இருந்தது. மூன்றும் இல்லை என்று கூறிய 7-ல், 5 பொருள்களில் மூன்றில் ஒன்றேனும் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. இது ஒரு வட்டாரத்தில் வாங்கிய சில மாதிரிகளைப் பற்றியதே. எல்லா நிறுவனங்களுக்கும் இதைப் பொருத்திப் பேசுவது நியாயமாகாது. எனினும், யாரும் சோதிக்காதபோது லேபிள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது ஆய்வு இன்னும் சுவையானது. டைபியூட்டைல் தாலேட்டை நீக்கிய பின் அதன் வேலையை யார் செய்வது? பல தயாரிப்பாளர்கள் டிரைஃபீனைல் பாஸ்பேட் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் பொருள் இது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஓர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 10 நகப்பூச்சுகளில் 8-ல் இது காணப்பட்டது. அதிக அளவில் கொண்டிருந்த இரண்டின் லேபிளில் இதன் பெயரே இல்லை. பிறகு 26 பேரைப் பூச்சுப் போடச் செய்து அவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். பூசிய 10 முதல் 14 மணி நேரத்துக்குப் பின், இப்பொருள் உடலில் சிதைந்து உண்டாகும் கழிவு ஏறக்குறைய 7 மடங்கு உயர்ந்திருந்தது.

அது மூக்கின் வழியே போனதா, விரலின் வழியே போனதா? இதை அறிய, அவர்களில் சிலரைக் கையுறை அணிந்து செயற்கை நகங்களின் மேல் பூசச் சொன்னார்கள். முகர்ந்த ஆவி அதேதான், ஆனால் விரலில் பூச்சுப் படவில்லை. அப்போது உயர்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே முக்கிய வழி விரல்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். மாணவர்கள் இந்தச் சோதனையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இரண்டு காரணங்கள் கலந்திருக்கும்போது ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்ப்பதே நல்ல சோதனையின் வழி.

இதனால் பூசியவர்களுக்கு நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. பொருள் உடலுக்குள் போகிறது என்பதை மட்டுமே அந்த ஆய்வு காட்டியது. ஆனால் விஷயம் அத்துடன் நிற்கவில்லை. சுற்றுச்சூழலில் வாழும் உயிரினங்களின் ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் தன்மை காரணமாக, 2024 நவம்பரில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை டிரைஃபீனைல் பாஸ்பேட்டைத் தன் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு கெடுதலை நீக்கி, நன்கு ஆராயப்படாத வேறொன்றை அதன் நாற்காலியில் அமர்த்திய கதை இது. ‘3-ஃப்ரீ’ என்ற லேபிளோ அப்போதும் உண்மையாகவே இருந்தது.

மூன்றாவது, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. 12 நிறுவனங்களின் 40 நகப்பூச்சுகளை ஆராய்ந்த அவர்கள், எண்களுக்கு ஒரே சீரான பொருள் இல்லை என்பதை உறுதிப்படுத்தினார்கள். டைபியூட்டைல் தாலேட் வழக்கொழிந்துவிட்டது, இது நற்செய்தி. ஆனால் சில பூச்சுகளில் அதன் உறவினரான வேறொரு தாலேட் தலைகாட்டியது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் விமரிசனம் தெளிவாகும். ‘இல்லை’ என்ற பட்டியல் எவ்வளவு நீண்டாலும், ‘உள்ளது’ எது என்று அது சொல்வதில்லை. பொருள்களின் முழுப் பட்டியல் ஒன்றே வாங்குவோருக்கு உதவும். நம் நாட்டு நிலைமை இதில் வருந்தத்தக்கது. அழகுசாதனங்களில் அடங்கிய பொருள்களை லேபிளில் எழுத வேண்டும் என்று கூறிய 2020-ஆம் ஆண்டு விதிகள், 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவப் புட்டிகளுக்கு விலக்கு அளித்தன. நகப்பூச்சுப் புட்டியோ பொதுவாக 5 முதல் 15 மில்லிலிட்டர்தான். சட்டம் கேட்காததால் சொல்லாமலும் விடலாம். சிறு புட்டியாயினும் பட்டியலை அட்டைப்பெட்டியிலோ மடித்த தாளிலோ அச்சிட்டுத் தரும் தயாரிப்பாளர்கள் உண்டு. அப்படித் தருபவரே நம் நம்பிக்கைக்கு முதல் உரிமையாளர்.

‘இயற்கை’ என்ற சொல்

‘தாவரத்திலிருந்து பெற்றது’ என்பது அண்மைக்கால வாசகம். மேலே சொன்ன நைட்ரோசெல்லுலோஸ் பஞ்சிலிருந்தே வருகிறது, அதை யாரும் மூலிகை என்பதில்லை. கரும்பிலிருந்து எடுத்த ஆல்கஹாலைக் கொண்டு எத்தில் அசிடேட் செய்யலாம், பெட்ரோலியத்திலிருந்தும் செய்யலாம். இரண்டும் ஒரே மூலக்கூறு. நம் மூக்குக்கும் நுரையீரலுக்கும் வேறுபாடு தெரியாது. கரும்பிலிருந்து செய்வதால் பெட்ரோலியம் மிச்சப்படலாம். அது பூமிக்கு நன்மை, நகத்துக்குக் கூடுதல் மென்மை அல்ல.

தண்ணீரைக் கரைப்பானாகக் கொண்ட பூச்சுகளும் உண்டு. நெடி குறைவு என்பது இவற்றின் உண்மையான நன்மை. காற்றோட்டம் குறைந்த அறைக்கும், நெடி தாங்காதவர்களுக்கும் இவை ஏற்றவை. விரைவில் உரிந்துவிடும் என்பது குறை.

ஜெல் பூச்சு: தனி வழக்கு

அழகு நிலையங்களில் புற ஊதா விளக்கின் கீழ் கையை வைத்து இறுகச் செய்யும் ஜெல் பூச்சு, மேலே கண்ட பூச்சினின்றும் முற்றிலும் வேறானது. இங்கு நடப்பது உலர்தல் அன்று. அக்ரிலேட் என்னும் சிறு மூலக்கூறுகள் ஒளியால் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிடுகின்றன. அதனால்தான் இது இரண்டு வாரம் நிற்கிறது, அதனால்தான் எளிதில் கரைவதில்லை. அசிட்டோனில் ஊறவைத்து இளக்கிச் சுரண்ட வேண்டியுள்ளது. பொறுமையின்றிச் சுரண்டும்போது நகத்தின் மேலடுக்குகளும் கூடவே உரிந்து வருகின்றன. ஜெல்லுக்குப் பின் நகம் தாள் போலாகிவிட்டது என்போரின் குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைவிடப் பெரிய கவலை ஒவ்வாமை. இறுகாத அக்ரிலேட் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒரு முறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். பல் அடைக்கும் வெண்ணிறக் கலவையிலும், எலும்பு மூட்டு அறுவையில் பயன்படும் சிமெண்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உள்ளன. விரல் அழகுக்காகப் பெற்ற ஒவ்வாமை, பின்னாளில் சிகிச்சைக்கே தடையாகலாம் என்று பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-ல் எச்சரித்தது. இந்தக் குடும்பத்தில் பெயர்பெற்ற ‘ஹெமா’ என்ற பொருள் சேர்ந்த நகப்பொருள்களைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் விதி செய்தது. ஒளியேற்று இறுகச் செய்யும் ‘டி.பி.ஓ.’ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்தது. ஆகவே, விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜெல்லும் விளக்கும் வாங்கி வீட்டிலேயே முயல்வது அறிவுடைமையாகாது.

விளக்கைப் பற்றி 2023-ல் ஒரு பரபரப்பு எழுந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாக ஆய்வாளர்கள், சோதனைத் தட்டில் வளர்த்த செல்களின் மீது இவ்விளக்கை 20 நிமிடம் காட்டியபோது 20 முதல் 30 விழுக்காடு செல்கள் இறந்தன. ஆனால் தட்டிலுள்ள செல்லுக்குத் தோலின் மேலுறை என்ற கவசம் இல்லை. எனவே இதைக் கொண்டு ‘ஜெல் போட்டால் புற்றுநோய்’ என்று முழங்குவது அவசரம். நகம் மட்டும் வெளியே தெரியும் கையுறை அணிவது போதுமான முன்னெச்சரிக்கை.

நாள் முழுதும் சுவாசிப்பவர்கள்

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் பூசிக்கொள்ளும் ஒருவர் சுவாசிக்கும் அளவு சிறிது. அழகு நிலையத்தின் குளிரூட்டிய, சன்னல் மூடிய அறையில் நாளெல்லாம் பிறர் நகங்களுக்குப் பூசும் பெண்ணின் நிலை வேறு. கலிபோர்னியாவில் இத்தொழிலில் உள்ளோரில் பெரும்பாலோர் வியட்நாமியக் குடியேறிகள். அவர்களின் உடல்நலக் குறைகளே அங்கு ஆய்வுகளையும் விதிகளையும் தூண்டின. நியூயார்க் மாநிலம் 2016-ல் நக நிலையங்களுக்குக் காற்றோட்ட விதிகளைக் கொண்டுவந்தது. ‘மென்மையான பூச்சு’ என்ற தேர்வின் பயன் நம் நகத்தைவிட அந்தப் பெண்ணின் நுரையீரலுக்கே அதிகம். நிலையத்துக்குச் செல்பவர்கள் நிறத்தைக் கேட்பதற்குமுன் சன்னல் திறந்திருக்கிறதா, காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்று பார்க்கலாம். வாடிக்கையாளர் கேட்டால் விசிறி வரும்.

மருதாணியின் இடம்

நமக்குப் பழக்கமான மருதாணியை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்ப்போம். அதன் இலையிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் கெராட்டினுடன் நேரடியாகப் பிணைகிறது. படலம் இல்லை, எனவே உரிவதில்லை. கரைப்பான் வேண்டாம், நீக்கும் திரவமும் வேண்டாம். நகம் வளர வளரச் சிவப்பு முன்னே நகர்வதைப் பார்த்து, நகம் வளரும் வேகத்தை மாணவர்கள் அளந்தும் பார்க்கலாம். பச்சை இலையை அரைத்து இடுவது, பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மென்மையான நகச்சாயம் என்றே சொல்லலாம்.

ஆனால் இங்கும் ‘இயற்கை’ என்ற சொல்லிடம் எச்சரிக்கை தேவை. விரைவில் கறுக்கும் ‘கருப்பு மருதாணி’யில் பாராஃபினைலின்டையமின் என்ற தலைச்சாயப் பொருளைக் கலப்பதுண்டு. அது கடும் கொப்புளங்களையும் நிலையான ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது. மருதாணி தானாகக் கருமையாவதில்லை என்பதை நினைவில் வைத்தால் போதும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஆதலால் கைக்குழந்தைகளுக்கு இடாதிருப்பதே நலம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. எண்ணைப் பார்க்காமல் பட்டியலைப் பாருங்கள். முழுப் பட்டியல் தரும் பூச்சையே வாங்குங்கள். அதில் டிரைஃபீனைல் பாஸ்பேட்டும் டொலுயீனும் இல்லாதது நன்று.

2. கண்ணிமையிலோ கழுத்திலோ காரணமின்றி அரிப்பு வந்தால் நகப்பூச்சையும் சந்தேகியுங்கள். டாசிலமைடு-ஃபார்மால்டிஹைடு என்ற பிசினால் வரும் ஒவ்வாமை, விரலைவிட விரல் தொடும் மெல்லிய தோலிலேயே பெரும்பாலும் தோன்றும்.

3. நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வழியாமல், ஒரு நூலளவு இடம் விட்டுப் பூசுங்கள். முதலில் நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று இட்டால் நகம் மஞ்சளாகாது. சன்னல் ஓரத்தில் பூசுங்கள். அடுப்பு, விளக்கு அருகில் வேண்டாம்.

4. பூச்சை உரிக்காதீர்கள், சுரண்டாதீர்கள். பஞ்சை நனைத்து நகத்தின் மேல் சில விநாடி வைத்துத் துடைத்தெடுங்கள். அசிட்டோன் நகத்தை உலரவைக்கும், ஆனால் அஞ்சத்தக்க நஞ்சு அன்று. நம் உடலே அதைச் சிறிதளவு உண்டாக்குகிறது. ‘அசிட்டோன் இல்லாதது’ என்ற திரவங்களும் எண்ணெய்ப்பசையை எடுப்பவையே. எதைப் பயன்படுத்தினாலும் பின்பு கையைக் கழுவித் துடைத்துச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

5. நகத்தை உறுதியாக்கும் என்று விற்கும் ஃபார்மால்டிஹைடு கலந்த திரவங்களைத் தவிருங்கள். தொடக்கத்தில் நகம் கெட்டியாகும், நாளடைவில் அதுவே மிகுந்து நொறுங்கும்.

6. நகத்தின் அடியிலுள்ள மெல்லிய தோலை வெட்டாதீர்கள். கிருமி நகமூலத்துக்குள் போகாமல் தடுக்கும் அடைப்பு அதுதான். அதை வெட்டியபின் வரும் சீழ்கட்டிய நகச்சுற்று, பூச்சால் வரும் எந்தத் தொல்லையையும்விட வலிமிக்கது.

7. நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை விழுங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். அது இரத்தச் சோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் சோதனையும் அவற்றில் ஒன்று.

8. மாதத்தில் சில நாள்களாவது நகத்தை வெறுமையாக விட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மூச்சு விடுவதற்காக அல்ல, நீங்கள் பார்ப்பதற்காக. கரண்டி போலக் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. நுனி பருத்து வளைந்த நகம் நுரையீரல், இதய நோய்களின் அறிகுறியாகலாம். நெடுக்காக ஓடும் புதிய கருங்கோடு தோல் மருத்துவரின் பார்வைக்கு உரியது. இவை எல்லாவற்றையும் சிவப்புப் பூச்சு மறைத்துவிடும்.

நகத்துக்கு நிறம் இட்டுக்கொள்வது குற்றமல்ல. மனிதர் மிகப் பழங்காலத்திலிருந்தே செய்துவரும் ஒன்றுதான் அது. அடுத்த முறை கடையில் ‘10-ஃப்ரீ’ புட்டி ஒன்றைக் கையில் எடுக்கும்போது, “இதில் இல்லாதவை இருக்கட்டும், உள்ளவற்றின் பட்டியல் எங்கே?” என்று கேளுங்கள். கடைக்காரரிடம் பதில் இராது. ஆனால் பத்துப் பேர் கேட்டால் அவர் விற்பனையாளரிடம் கேட்பார், விற்பனையாளர் நிறுவனத்திடம் கேட்பார். ‘3-ஃப்ரீ’ என்ற நன்மையும் அப்படிக் கேட்டவர்களால்தான் வந்தது.